ஆளுக்கேற்ற ஆட்டம்

“எந்த கேம் பெஸ்ட்டுன்னு கேமப் பாத்துச் சொல்லக் கூடாது ஜெசி. ஆளப் பாத்துதான் சொல்லணும்” என்பார் கணக்கு டீச்சர்.

சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரை ஏற இறங்கப் பார்ப்பார். கண்ணைச் சற்றே சுருக்குவார். நாடி பிடித்துப் பார்த்த வைத்தியரைப் போல முகத்தில் ஒரு தெளிவு வரும். பிறகு ஜிப் வைத்த நீலப் பையைத் திறந்து, தபால்தலை அளவே இருக்கும் கேம் கார்டுகளைக் கிளறி, ஒன்றை எடுத்துத் தன் கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகி, “உங்களுக்கு இதுதான்” என்று நீட்டுவார். வாங்கியவர்கள் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். அதனால்தான் எனக்கு விளங்க அவ்வளவு காலம் பிடித்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலைக்கும் அப்பால் பஸ் வந்து திரும்புகிற ஒரு ஊரில் எங்கள் பள்ளி இருந்தது. நான் தமிழ். அவர் கணக்கு. மலைக்காரர் வீடு ஒன்றில் பின்கட்டு இரண்டு அறைகளையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அறைக்கு ஒருவராக இருந்தோம், அடுப்பு பொது. போனில் பேச வேண்டுமென்றால் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். அங்கேயும் காற்றடிக்கிற திசையைப் பொறுத்துத்தான் டவர். படம் பார்க்க முடியாது, எதையும் டவுன்லோடு செய்ய முடியாது. சாயங்காலம் ஆனால் மரவள்ளிக் காட்டுக்கு மேல் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரில் அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவி ராஜாவாக இருந்ததில் வியப்பில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பி தந்ததாம். கண்ணாடி வைத்த பவுடர் டப்பா மாதிரி மடக்கித் திறக்கலாம். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த் திரையைத் தொட்டு ஆட வேண்டும். சில ஆட்டங்களுக்கு விரல் போதும். சிலவற்றுக்குப் பக்கவாட்டில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குச்சி. திரைக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவு ஓட்டை, அதுதான் மைக். சில ஆட்டங்களில் அதில் பேசலாம், ஊதலாம்.

எனக்கு அவர் முதலில் எடுத்துக் கொடுத்தது நாய்க்குட்டி வளர்க்கிற ஆட்டம்.

“உனக்கு இதான் பெஸ்ட்டு கண்ணு. நீ பாசக்காரி.”

விரலால் தடவிக் கொடுத்தால் குட்டி கண்ணை மூடிக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். மைக்கில் ஊதினால் திரையில் சோப்புக் குமிழி பறக்கும், அதைப் பிடிக்கக் குட்டி எம்பி எம்பிக் குதிக்கும். நாங்கள் அதற்கு ‘முறுக்கு’ என்று பெயர் வைத்தோம். இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு ஊதுவோம். நான் ஊதி மூச்சு வாங்கினால் மீதியை அவர் ஊதுவார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, என் தலையைத் தன் மடியில் வைத்து ஈரத்துணி போட்டவரும் அவர்தான். மிச்ச ரசத்தை அதே டம்ளரில் குடித்தார். என் கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்ததில்லை. கணக்கு டீச்சர் என்று எல்லோரும் சொன்னாலும் நான் அன்றிலிருந்து ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எலுமிச்சை வாசனை அடிக்கும் ஈரக் காகிதம் ஒரு பாக்கெட் எப்போதும் நீலப் பையில் இருக்கும். யாராவது ஆடித் திருப்பிக் கொடுத்ததும் ஒரு காகிதத்தை உருவித் திரையைத் துடைப்பார். மூலை முடுக்கெல்லாம், பட்டனின் இடுக்கெல்லாம் துடைத்து, பின்பக்கத்தையும் துடைத்து, காகிதத்தை மடக்கிக் குப்பையில் போடுவார்.

“கொரோனாவுல இருந்து வந்த பழக்கம். வுட மாட்டேங்குது” என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். கருவியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்து, “இன்னா டீச்சர் அது, டப்பாக்குள்ள நாய் கொலைக்குது?” என்றார்.

“வாங்கம்மா, ஒக்காருங்க” என்று அக்கா இடம் விட்டார். கண்ணைச் சுருக்கினார். வேறு கார்டு போட்டார். மீன்கள் நீந்தும் ஒரு ஆட்டம். “உங்களுக்குப் பாக்குற கேம்தாம்மா பெஸ்ட்டு. நான் ஆடறேன். நீங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா பாத்துக்கினே இருங்க.”

அந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஆசை தாளாமல் சிவப்பு மீனைத் தொட விரலை நீட்டினார். அக்கா கருவியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, “அச்சச்சோ, பயந்துடும்மா மீனு!” என்று சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா போனதும் அக்கா கிழங்கைக் கொல்லைப்புற நாய்க்கு வைத்துவிட்டு, “எனக்கு வாயுத் தொல்ல” என்றார்.

அப்போதெல்லாம் நான் இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. அவர் ஒருநாளும் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ‘கண்ணு’ என்று கூப்பிடாமல் எந்தப் பிள்ளையிடமும் பேசியதில்லை. வடக்கனந்தல் பக்கம் அவர்களுக்கு நிலபுலன் அதிகம். ஊருக்குப் போய் வந்தால் கொய்யா மூட்டையோடு வருவார், வகுப்பு முழுக்கக் கொடுப்பார். ஒவ்வொரு பழமாக உள்ளங்கையில் மேலிருந்து விழும். பிள்ளைகள் அதைப் பந்து பிடிக்கிற மாதிரி பிடித்துக் கொண்டாடுவார்கள்.

என் தம்பி கல்யாணத்துக்கு அவரை அழைத்தேன். திருக்கோவிலூரிலிருந்து உள்ளே போகிற எங்கள் கிராமம். பழக்கமான புதிதில் ஒருமுறை, “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டிருந்தார். “சர்ச் பக்கம்” என்று நான் சொன்னேன். அது உண்மைதான். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

அவரை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்த சித்தப்பா வந்து என் காதில் சொன்னார். “ஜெசிம்மா, நான் போறதுக்குள்ள உங்க டீச்சரு டீக்கடையில வழி கேட்டுட்டாங்க. ‘சர்ச்சா, நேரா காலனிக்குள்ள போங்க’ன்னு கைய காட்டிட்டான். அங்கியே நின்னுக்கினு இருந்தாங்க. திரும்பிப் போயிடுவாங்களோன்னு நெனச்சேன்.”

போகவில்லை. வந்தார். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெண்ணுக்குப் பட்டுப்புடவை வாங்கி வந்திருந்தார், நல்ல புடவை. அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, “இன்னைக்கு கிருத்திகைம்மா, நான் ஒருபொழுது. தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் போனபின் அம்மா என்னிடம், “கிருத்திக போன வாரமே முடிஞ்சிதேடி” என்றாள். அம்மா பல வீடுகளின் விரதத்துக்குப் பாத்திரம் துலக்கியவள்.

மலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் ஆசையோடு முறுக்கைக் கேட்டேன்.

“அந்தக் கார்டு கெட்டுப்போச்சு கண்ணு” என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் முதலில் வந்த அன்று பார்த்ததைப் போலவே புதிதாகப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பை திறந்தது. “உன் மூளைக்கு நாய்க்குட்டி எல்லாம் கம்மி. இது பாரு, செங்கல் அடுக்குறது. இதான் உனக்கு பெஸ்ட்டு.”

மேலிருந்து விழும் செங்கற்களைப் பட்டனை அமுக்கி அடுக்க வேண்டும். திரையைத் தொட வேண்டியதே இல்லை. நல்ல ஆட்டம்தான். நான் கெட்டிக்காரி என்று அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆடி முடித்துக் கொடுத்தேன். ஈரக் காகிதத்தை உருவினார். அதுவரை என் கையிலிருந்து வாங்கி அவர் துடைத்ததே இல்லை என்பது, எலுமிச்சை வாசனை என் மூக்கில் ஏறிய அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்து வந்த நாட்களில் குச்சி கொண்டு கோடு இழுக்கும் ஓர் ஆட்டம் தந்தார். பக்கவாட்டில் இருந்த வெள்ளைக் குச்சியை நான் உருவப் போனேன். “அது லூசா இருக்கு” என்று பையிலிருந்து கறுப்புக் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குச்சி ஒரு தனி உறையில் இருந்தது.

எங்கள் அப்பா டீக்கடையில் தனி கிளாஸில் டீ குடித்த காலத்தைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கறுப்புக் குச்சியை விரலில் பிடித்துக்கொண்டு நான் கோடு இழுத்தேன். கோடு கோணலாகப் போனது.

அந்த மாதம் அறிவியலுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். சின்னசேலம் பக்கத்துப் பெண். அக்காவின் சித்தி வீட்டுக்கு ஏதோ வகையில் உறவு என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்குள் நான் நுழைந்தபோது இரண்டு தலைகள் ஒட்டியிருந்தன. இருவரும் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தார்கள். “முறுக்கு! முறுக்கு! இங்க வா!” என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “கார்டத் தட்டுனேன் ஜெசி, வேல செய்யுது பாரேன்!” என்றார், கொஞ்சமும் முகம் மாறாமல். அந்தப் பெண் ஆடிக் கொடுத்த கருவியைத் துடைக்காமலே மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். யாருக்கு ஊதுகிற ஆட்டம், யாருக்கு விரல் ஆட்டம், யாருக்குக் குச்சி, யாருக்குப் பட்டன், யாருக்கு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது. ஒருவர் வாய்க்கும் விரலுக்கும் எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று பார்த்துத்தான் அந்தப் பரிந்துரை. ஆட்டத்தில் விருப்பம், மூளை, பாசம் எல்லாம் மேலே பூசிய சர்க்கரை. அவ்வளவு சிரிப்போடு, அவ்வளவு ‘கண்ணு’வோடு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஊரையே தெருத் தெருவாகப் பிரித்து வைத்திருந்தார். அன்று அவர் வைத்த குழம்பை நான் தொடவில்லை. மறுநாளிலிருந்து எனக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவர் எட்டாம் வகுப்பில் ஒரு அறிவிப்பு செய்தார். கணக்கில் முதலாவதாக வருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க அவருடைய கருவியில் ஆடலாம். பிள்ளைகள் பைத்தியமாகிப் படித்தார்கள். முதலாவதாக வந்தவள் மல்லிகா. மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். அவர் யாரை எதிர்பார்த்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவளை எதிர்பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் மல்லிகா எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைப் பின்னலோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“வா கண்ணு. கையக் கழுவிட்டு வா.”

வாசல் டிரம்மில் தண்ணீர் மொண்டு கழுவி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“சோப்புப் போட்டுக் கழுவு கண்ணு.”

கழுவி வந்தாள்.

“நகத்துல பாரு. நல்லாத் தேச்சுக் கழுவு.”

மரவள்ளி உரித்த கை. அந்தக் கறை அப்படி ஒன்றும் சீக்கிரம் போகாது. மறுபடியும் போனாள், வந்தாள். மறுபடியும் அனுப்பினார். நான் என் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இனிப்பு. எட்டிப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் விரல் நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. அவள் அழவில்லை. கணக்கில் எந்த வரியில் தப்பு விட்டோம் என்று தேடுகிறவளைப் போலத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்த எடத்துல மிஸ் அழுக்கு? காட்டுங்க மிஸ். நான் தேச்சிடறேன்.”

காட்ட ஓர் இடம் இருந்தால்தானே.

நான் வெளியே வந்தேன். நாற்காலியில் மடக்கி வைத்திருந்த கருவியை எடுத்துத் திறந்தேன். உள்ளே நாய்க்குட்டிக் கார்டுதான் இருந்தது. அதை மல்லிகாவின் ஈரக் கையில் வைத்தேன்.

“இந்த ஓட்டையில ஊது” என்றேன்.

அவள் கன்னம் உப்ப ஊதினாள். எச்சில் தெறித்துத் திரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. குமிழிகள் பறந்தன. குட்டி எம்பிக் குதித்தது. மல்லிகா கத்திச் சிரித்துவிட்டு, தன் சத்தத்துக்குத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையாலேயே குட்டியைத் தடவினாள்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றில் புழுவைப் பார்த்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அது ஒரு நொடிதான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“நீயே வச்சுக்க மல்லிகா” என்றார். “ஆமா, உனக்குத்தான். ஆஸ்டலுக்கே எடுத்துக்கினு போ. எல்லாரும் ஆடுங்க.”

சார்ஜர், எல்லாக் கார்டுகள், வெள்ளைக் குச்சி, கறுப்புக் குச்சி எல்லாவற்றையும் நீலப் பையிலேயே போட்டு, பையைத் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளினார். மல்லிகா அவர் காலில் விழப் போனாள். அவர் இரண்டடி பின்னால் போய், “நல்லா இரு, நல்லா இரு” என்றார்.

திங்கட்கிழமை பிரேயரில் தலைமையாசிரியர் நெகிழ்ந்துபோய்ப் பேசினார். வெளிநாட்டிலிருந்து வந்த தன் சொந்தப் பொருளை மலைப் பிள்ளைகளுக்காகக் கொடுத்த மனசு யாருக்கு வரும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தலைகுனிந்து நின்றார், அடக்கமாக. மல்லிகாவின் அப்பா மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு மேடையில் ஏறிக் கத்த வேண்டும் போலிருந்தது. இது கொடுத்ததில்லை, எச்சில் பட்டதைத் தூக்கி எறிந்தது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. முன்வரிசையில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து இருந்தது. தனக்குக் கிடைத்தது என்ன என்று அவளுக்கு நான் சொல்லி, அந்த முகத்தை வாடவைக்கவா? கை தட்டாமல் நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவரிடமே கேட்டேன்.

“ஏன்க்கா அந்தப் பொண்ண அத்தன தடவ கழுவ வச்சீங்க?”

“சுத்தம் சொல்லித் தரக் கூடாதா?”

“எங்க வூட்டுக் கல்யாணத்துல ஏன் சாப்புடல? அன்னைக்குக் கிருத்திகை இல்ல.”

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

“இன்னா ஜெசி இப்படிப் பேசுற? உங்க சர்ச்சுக்கு வந்தேனா இல்லியா? உன் தம்பி பொண்டாட்டிக்குப் பொடவ எடுத்தேனா இல்லியா? இத்தினி நாள்ல உன்ன ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த தப்பாச் சொல்லியிருக்கேனா?”

“சொல்லலக்கா.”

“அப்புறம் இன்னா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எந்த ஆபீசில் போய், எந்த மனுவில் எதை எழுத? ஈரக் காகிதத்தால் துடைத்தார் என்றா? எனக்குச் செங்கல் அடுக்குகிற ஆட்டம் தந்தார் என்றா?

அந்தக் கோடையில் அவருக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் மாறுதல் கிடைத்தது. மலையை விட்டு இறங்கும்போது பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றி நின்று அழுதார்கள். மல்லிகாவும் அழுதாள். ஜன்னலிலிருந்து அவர் கையசைத்தார். கண் கலங்கித்தான் இருந்தது. நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு அவர்கள்மேல் பிரியம் இருந்தது, கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும்வரை.

நான் இன்னும் மலையில்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் பாறைமேல் ஏறி அம்மாவுக்குப் பேசிவிட்டு இறங்கப் போனபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“ஜெசிந்தா மிஸ்ஸுங்களா? நான் புதுசா வேலைக்கு சேந்திருக்கேங்க. எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் கூட ஒரே வூட்ல தங்கலாம்னு இருக்கேன். அவங்க முன்ன உங்களோடதான் இருந்தேன்னு சொன்னாங்க. எப்படிங்க மிஸ், நல்லவங்களா?”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. நல்லவரா? அவரைப் போல ஒரு துணை கிடைக்காது, காய்ச்சலில் மடியில் போட்டுத் தாலாட்டுவார். அல்லது, அவரைவிட மோசமான ஆள் கிடைக்க மாட்டார். இரண்டில் எது இந்தப் பெண்ணுக்கு என்று சொல்ல, நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நீ எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்ததே என்று உடம்பெல்லாம் கூசியது. அதைக் கேட்கவில்லை.

“வேற வூடு பாரும்மா” என்றேன்.

“ஏங்க மிஸ்?”

“தனியா இருந்தாலும் பரவால்ல. அங்க வேணாம்.”

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். குரலில் எனக்காகப் பட்ட வெட்கம் தெரிந்தது.

“அவங்க உங்களப் பத்தி ரொம்ப நல்லாத்தான் சொன்னாங்க மிஸ்.”